திங்கள், வியாழன், வெள்ளி: கிழமை நோன்புகளும் ஓதல்களும் பற்றிய கேள்வி பதில்

"இன்றைக்கு என்ன ஓத வேண்டும்? நாளைக்கு நோன்பு வைக்கலாமா?" எங்கள் தெருவில் அதிகம் கேட்கப்படும் மார்க்கக் கேள்விகள் இவைதாம். கேட்பவர்களில் ஒரு பகுதியினர் பாட்டி சொல்லிக்கொடுத்ததைச் சரிபார்க்க வருகிறார்கள். இன்னொரு பகுதியினர் கைப்பேசியில் யாரோ அனுப்பியதை நீட்டி, "இது உண்மையா?" என்கிறார்கள். ஹதீஸில் (நபியவர்களின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகளில்) இருப்பது எது, பெரியவர்கள் வழக்கமாக்கியது எது, வெறும் கதை எது என்று இங்கே பிரித்துச் சொல்லியிருக்கிறேன். நான் கடற்கரையோரத்து ஷாஃபிஈ ஊர்க்காரன். ஹனஃபி மத்ஹபில் (ஷாஃபிஈ போல இதுவும் ஒரு மார்க்கச் சட்ட வழி) சட்டம் வேறாக இருக்கும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை இரவை ஏன் "வெள்ளி இரவு" என்கிறார்கள்?

இஸ்லாமிய நாள் மக்ரிபில் தொடங்குகிறது. சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் வந்துவிடும். இரவு முன்னே, பகல் பின்னே. அதனால் வியாழன் பொழுது சாய்ந்தால் வெள்ளி இரவு, ஞாயிறு பொழுது சாய்ந்தால் திங்கள் இரவு. பெரியவர்களுக்கு இது பழகிப்போன கணக்கு. இளையவர்களுக்கும் வெளியூர் நண்பர்களுக்கும்தான் தடுமாற்றம். "வெள்ளி இரவு மவ்லிது, அவசியம் வாருங்கள்" என்ற அழைப்பை (மவ்லிது என்பது நபியவர்களைப் புகழ்ந்து ஓதும் கூட்டம்) நம்பி வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வந்து, கழுவிக் கவிழ்த்த தேக்சாவைப் பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அழைப்பவர்கள் தேதியையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

நோன்புக்கு இந்தக் குழப்பம் இல்லை. நோன்பு பகலில்தான். திங்கள் நோன்பு என்றால் திங்கட்கிழமை விடியலுக்கு முன் சஹர் (நோன்புக்கு முந்திய உணவு) செய்து, அன்றைய மக்ரிபில் திறப்பது.

வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும் ஏன்?

திங்களுக்கான காரணத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். திங்கள் நோன்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, "அது நான் பிறந்த நாள், எனக்கு வஹீ (இறைச்செய்தி) அருளப்பட்ட நாள்" என்றார்கள். அபூ கதாதா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பிறந்த நாளை ஆண்டுக்கு ஒருமுறை நினைக்கிற நமக்கு, வாரம் ஒருமுறை அதுவும் பட்டினி கிடந்து நினைத்தது விசித்திரமாகத் தோன்றலாம். மவ்லிதை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இதே ஹதீஸைத்தான் கையில் எடுக்கிறார்கள். பிறந்த நாளைச் சிறப்பிக்க இதுவே ஆதாரம் என்பார்கள் முன்னவர்கள்; அவர்கள் நோன்புதானே வைத்தார்கள், நெய்ச்சோறா ஆக்கினார்கள் என்பார்கள் பின்னவர்கள். இரு தரப்பிலும் திங்கள் நோன்பு வைப்பவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

வியாழனும் சேர்வதற்கு வேறு காரணம். "திங்களும் வியாழனும் அடியார்களின் செயல்கள் எடுத்துக்காட்டப்படுகின்றன, நான் நோன்பாளியாக இருக்கும்போது என் செயல் எடுத்துக்காட்டப்படுவதை விரும்புகிறேன்" என்ற ஹதீஸை அபூஹுரைரா (ரலி) வழியாகத் திர்மிதி பதிவு செய்திருக்கிறார். இந்த இரு நாள் நோன்பில் நபியவர்கள் மிகுந்த அக்கறை காட்டினார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னதும் திர்மிதியில் உண்டு.

இந்த இரு நாள்களைப் பற்றி முஸ்லிமில் வரும் இன்னொரு ஹதீஸை மேடைகளில் அவ்வளவாகக் கேட்க முடிவதில்லை. திங்களும் வியாழனும் சுவனத்தின் கதவுகள் திறக்கப்படுகின்றன. இணைவைக்காத ஒவ்வொருவருக்கும் மன்னிப்பு வழங்கப்படுகிறது. ஆனால், தன் சகோதரனோடு பகை வைத்திருப்பவருக்கு இல்லை. "இந்த இருவரும் சமாதானமாகும்வரை விட்டுவையுங்கள்" என்று சொல்லப்படுகிறதாம். பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் இருவரும் தவறாமல் திங்கள் நோன்பு வைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அவர்கள் இந்த ஹதீஸைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

இந்தோனேசியாவில் இந்த நோன்பு அன்றாடப் பேச்சிலேயே கலந்துவிட்டது. "செனின் கமிஸ்" என்றால் திங்கள் வியாழன். விட்டு விட்டு மூச்சு வாங்குவதையும் அங்கே "செனின் கமிஸ் மூச்சு" என்பார்கள். மக்கா, மதீனா இரு பள்ளிவாசல்களிலும் இந்த இரு நாள் மாலைகளில் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீருமாக நோன்பு திறக்கும் விரிப்புகளைப் பார்க்கலாம்.

இரண்டில் ஒன்று மட்டும் வைக்கலாமா? தொடங்கிவிட்டால் விடக்கூடாதா?

வைக்கலாம், விடலாம். இது சுன்னத்தான (கடமையல்லாத, விரும்பத்தக்க) நோன்பு. ஒரு வாரம் விட்டதற்காகக் குற்றமோ பரிகாரமோ இல்லை. "ஆரம்பித்தால் சாகும்வரை விடக்கூடாது" என்று சொல்லியே பலரைத் தொடங்கவிடாமல் செய்துவிட்டார்கள். குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்வதே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று புகாரியில் வருகிறது. அது ஆர்வமூட்டும் சொல். அதை மிரட்டலாக மாற்ற வேண்டியதில்லை. நேர்ச்சை செய்திருந்தால் கதை வேறு: "இனி ஒவ்வொரு திங்களும் நோன்பு வைப்பேன்" என்று அல்லாஹ்வுக்காக நேர்ந்துகொண்டால் அது கடமையாகிவிடும். ஆகவே உணர்ச்சிவசப்பட்டு நேர வேண்டாம்.

இரவு நிய்யத் (நோன்பு வைக்கும் எண்ணம்) வைக்கவில்லை. காலையில்தான் திங்கட்கிழமை என்று நினைவு வந்தது. வைக்கலாமா?

சுப்ஹுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்திருந்தால் வைக்கலாம். நபியவர்கள் வீட்டுக்கு வந்து, "சாப்பிட ஏதும் இருக்கிறதா?" என்று கேட்பார்கள், இல்லை என்றால், "அப்படியானால் நான் நோன்பாளி" என்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் உச்சிப்பொழுது சாய்வதற்கு முன் நிய்யத் வைக்க வேண்டும். ஹனஃபியில் எல்லை இன்னும் சற்று முந்தியது: விடியலுக்கும் மக்ரிபுக்கும் நடுவான நேரம். மாலிகி மத்ஹபில் இரவிலேயே நிய்யத் வேண்டும். இந்தச் சலுகை சுன்னத்தான நோன்புக்கானது. ரமளானில் விட்ட நோன்பைக் கழா செய்வதாக (பின்னர் ஈடு செய்வதாக) இருந்தால் இரவு நிய்யத் கட்டாயம்.

காலைத் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு நினைவு வந்தால்? அன்றைக்கு வாய்ப்புப் போயிற்று. வியாழன் இருக்கிறது.

நோன்போடு இருக்கும்போது விருந்துக்கு அழைத்துவிட்டார்கள். முறிக்கலாமா?

அழைத்தவர் மனம் வருந்துவார் என்றால் முறிக்கலாம். ஷாஃபிஈயில் அதற்குக் கழா கட்டாயமில்லை. ஹனஃபியில், தொடங்கிய சுன்னத் நோன்பை முறித்தால் இன்னொரு நாள் கழா செய்வது வாஜிபு (கட்டாயம்). மனம் வருந்தமாட்டார் என்றால் துஆ செய்துவிட்டு நோன்பைத் தொடருங்கள். பிரியாணி வாசம் பிடித்துக்கொண்டு "நான் இன்றைக்கு நோன்பு" என்று மூன்று முறை அறிவிப்பதை மட்டும் தவிர்க்கலாம்.

ரமளானில் விட்ட நோன்பை திங்களில் கழா செய்தால் இரண்டு நன்மையும் கிடைக்குமா?

பெண்கள் அதிகம் கேட்கும் கேள்வி. கழா நிய்யத்தோடு திங்களில் நோன்பு வைத்தால் கழா நிறைவேறிவிடும். அந்த நாளின் சிறப்பும் கிடைக்கும் என்று ஷாஃபிஈ அறிஞர்களில் இமாம் ரம்லி போன்றோர் சொல்லியிருக்கிறார்கள். செயல்கள் எடுத்துக்காட்டப்படும் நாளில் நோன்போடு இருப்பதுதானே நோக்கம். எந்த நோன்பாக இருந்தாலும் அது நடந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். ஹனஃபியில் அது கழாவாக மட்டுமே கணக்காகும். எனக்குத் தெரிந்த பல பெண்கள் ஆறு ஏழு கழா நோன்பை ஷவ்வாலுக்குப் பிறகு திங்கள் வியாழனாகப் பிரித்து ஒரே மாதத்தில் முடித்துவிடுகிறார்கள். கணக்கும் மறப்பதில்லை. ஆயிஷா (ரலி) தம் கழாவை ஷஅபான்வரை தள்ளிவைத்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எனவே ஷவ்வாலிலேயே முடிக்கவில்லையே என்ற பதற்றம் வேண்டாம்.

கணவர் ஊரில் இருக்கும்போது அவர் சம்மதத்தோடு சுன்னத் நோன்பு வைக்கும்படி புகாரியில் ஹதீஸ் உண்டு. வீட்டில் இருவருமே வைத்தால் கேட்கவேண்டிய தேவையே வராது. சஹருக்கு எழுப்பும் வேலையும் பாதியாகும்.

வெள்ளி இவ்வளவு சிறந்த நாள். அன்று மட்டும் ஏன் நோன்பு வைக்கக்கூடாது?

வெள்ளியைத் தனியாகப் பிரித்தெடுத்து நோன்பு வைப்பதற்குத்தான் தடை. முந்திய நாளோ அடுத்த நாளோ சேர்த்தால் வைக்கலாம். புகாரியில் வரும் ஓர் உரையாடல் இதை அழகாக விளக்குகிறது. நபியவர்களின் மனைவி ஜுவைரியா (ரலி) ஒரு வெள்ளிக்கிழமை நோன்போடு இருந்தார்கள். "நேற்று நோன்பு வைத்தாயா?" "இல்லை." "நாளை வைக்க எண்ணமா?" "இல்லை." "அப்படியானால் நோன்பை விட்டுவிடு."

முஸ்லிமில் வரும் ஹதீஸ் இன்னும் விரிவானது: இரவுகளில் வெள்ளி இரவை மட்டும் தனித்துத் தேர்ந்து நின்று வணங்காதீர்கள்; நாள்களில் வெள்ளியை மட்டும் தனித்துத் தேர்ந்து நோன்பு வைக்காதீர்கள்; ஒருவர் வழக்கமாக வைக்கும் நோன்பு அன்று அமைந்தாலே தவிர. எனவே அரஃபா நோன்பு வெள்ளியில் வந்தாலும், ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பு வைப்பவருக்கு வெள்ளி வந்தாலும் தடையில்லை.

காரணம் என்னவென்று அறிஞர்கள் பலவாறு சொன்னார்கள். வெள்ளி வாரத்தின் பெருநாள். குளித்து, மணம் பூசி, நேரத்தோடு பள்ளிக்குப் போய், குத்பா (ஜும்ஆ உரை) கேட்டு, துஆவில் திளைக்கத் தெம்பு வேண்டும் என்பது ஒன்று. யூதர்கள் சனியைப் பெரிதாக்கியதுபோல் இதையும் எல்லை மீறிப் பெரிதாக்கிவிடக்கூடாது என்பது இன்னொன்று. முரணான கருத்தும் உண்டு. இமாம் மாலிக், அறிஞர்கள் யாரும் வெள்ளி நோன்பைத் தடுத்து நான் கேட்டதில்லை, அது நல்லதே என்று தம் முவத்தா நூலில் சொல்லியிருக்கிறார். அந்த ஹதீஸ் அவருக்குக் கிடைக்கவில்லை போலும் என்று பின்வந்தவர்கள் விளக்கம் தந்தார்கள். ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் தனித்து வைப்பது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). ஹனஃபி நூல்களில் இரு கருத்தும் இருக்கிறது.

அலுவலகத்தில் வெள்ளி மட்டுமே விடுமுறை, வேறு நாளில் முடியாது என்கிறார்கள் வளைகுடாவில் வேலை செய்பவர்கள். அந்தச் சூழலில் வெள்ளியைச் சிறப்பிக்கும் எண்ணம் இல்லாததால் பல அறிஞர்கள் தடை இல்லை என்கிறார்கள்.

சனிக்கிழமை நோன்பே கூடாது என்கிறார்களே?

அப்படி ஒரு ஹதீஸ் உண்டு: "கடமையானதைத் தவிர சனியில் நோன்பு வைக்காதீர்கள், திராட்சைத் தோலோ மரக்குச்சியோதான் கிடைத்தாலும் அதையாவது மெல்லுங்கள்." அப்துல்லாஹ் இப்னு புஸ்ர் (ரலி) தம் சகோதரி வழியாக அறிவிப்பது. திர்மிதி இதை ஹஸன் (ஏற்கத்தக்க தரம்) என்றார். சனியைத் தனித்துச் சிறப்பிப்பதே இங்கு வெறுக்கப்படுகிறது என்று விளக்கினார். அபூதாவூத் இது மாற்றப்பட்டுவிட்ட சட்டம் என்றார். இது பொய் என்று இமாம் மாலிக் சொன்னதாகவும் அவரே பதிவு செய்திருக்கிறார். நம் காலத்து ஹதீஸ் ஆய்வாளர் அல்பானி இதை ஆதாரபூர்வமானது என ஏற்று, சனியில் சுன்னத் நோன்பே வேண்டாம் என்ற எல்லைவரை போனார். பெரும்பாலோர் அவரோடு ஒத்துப்போகவில்லை. மேலே பார்த்த ஜுவைரியா (ரலி) ஹதீஸிலேயே "நாளை வைக்க எண்ணமா?" என்ற கேள்வி இருக்கிறது. வெள்ளிக்கு நாளை சனிதானே.

ஞாயிறு, செவ்வாய், புதன்?

தனிச் சிறப்பாக உறுதியானது எதுவும் இல்லை, தடையும் இல்லை. ஒரு மாதம் சனி, ஞாயிறு, திங்களும், மறுமாதம் செவ்வாய், புதன், வியாழனும் நபியவர்கள் நோன்பு வைத்ததாக ஆயிஷா (ரலி) அறிவிப்பது திர்மிதியில் இருக்கிறது. வெள்ளியைத் தவிர வாரத்தின் எந்த நாளும் விடுபடாமல் பார்த்துக்கொண்டார்கள் போல.

ஸஃபர் மாத ஒடுக்கத்துப் புதனில் மாவிலையில் எழுதிக் குடிப்பது மார்க்கத்தில் உண்டா?

தமிழ் முஸ்லிம் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஸஃபர் மாதத்தின் கடைசிப் புதன், ஒடுக்கத்துப் புதன். "ஸலாமுன்" என்று தொடங்கும் ஏழு வசனங்களை மாவிலையிலோ பீங்கான் தட்டிலோ குங்குமப்பூக் கரைசலால் எழுதி, கழுவிக் குடித்து, தலைக்குக் குளிப்பார்கள். அந்த மாதத்தில் முஸீபத்து (துன்பம்) இறங்குகிறது, அதைத் தடுக்க இது என்பது நம்பிக்கை.

நபியவர்கள் ஸஃபர் மாதத்தைப் பீடையாகக் கருதிய அரபுகளின் எண்ணத்தையே மறுத்தார்கள்: "தொற்று இல்லை, சகுனம் இல்லை, ஆந்தை இல்லை, ஸஃபர் இல்லை" என்பது புகாரியின் ஹதீஸ். அந்தப் புதனுக்கென்று ஒரு அமலும் (வணக்கச் செயலும்) ஆதாரத்தோடு வரவில்லை. குர்ஆன் வசனம் எழுதிக் கழுவிக் குடிப்பதை முன்னோரில் சிலர் நோய்க்கு மருந்தாக அனுமதித்தார்கள் என்பது தனி விஷயம். அதற்குப் புதன் தேவையில்லை. என் சிறு வயதில் அந்தத் தட்டைக் கழுவிய தண்ணீரின் குங்குமப்பூ வாசம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பாட்டியின் அன்பை நான் மறுக்கவில்லை. பீடை மாதம் என்ற எண்ணத்தை மட்டும் மறுக்கிறேன்.

மாதத்தின் 13, 14, 15 நோன்புக்கும் கிழமை நோன்புக்கும் என்ன தொடர்பு?

இவை அய்யாமுல் பீழ், அதாவது வெண்மை நாள்கள். இரவெல்லாம் நிலா எரியும் நாள்கள். இவை பிறைக் கணக்கு, மற்றவை வாரக் கணக்கு. ஏதாவது ஒரு மாதத்தில் 13ஆம் பிறை திங்களில் வந்தால் ஒரே நோன்பில் இரண்டு நிய்யத்தையும் சேர்க்கலாம். ஷவ்வாலின் ஆறு நோன்பையும் இப்படித் திங்கள் வியாழனில் பரப்பிக்கொள்ளலாம்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். துல்ஹஜ் 13 தஷ்ரீக் நாள் (ஹஜ் பெருநாளை அடுத்த மூன்று நாள்களில் ஒன்று). அன்று நோன்பு இல்லை. திங்களோ வியாழனோ பெருநாளிலும் தஷ்ரீக்கின் மூன்று நாள்களிலும் அமைந்தாலும் இதேதான். இன்னொன்று, ரமளானுக்கு ஒருநாள் இரண்டு நாள் முன்பு நோன்பு வைத்து முந்தாதீர்கள் என்ற தடை. ஆனால் வழக்கமாக வைப்பவருக்கு விலக்கு அதே ஹதீஸிலேயே இருக்கிறது. ஆண்டு முழுவதும் திங்கள் வைப்பவர் ஷஅபான் 29 திங்களாக இருந்தாலும் வைக்கலாம்.

வெள்ளியில் சூரத்துல் கஹ்ஃபு எப்போது ஓத வேண்டும்? முழுவதும் ஒரே அமர்வில் ஓதவேண்டுமா?

வியாழன் மக்ரிப் தொடங்கி வெள்ளி மக்ரிப்வரை எப்போது வேண்டுமானாலும் ஓதலாம். 110 வசனங்கள், நிதானமாக ஓதினால் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. பகுதி பகுதியாகவும் ஓதலாம். இரவில் கொஞ்சம், சுப்ஹுக்குப் பின் கொஞ்சம், ஜும்ஆவுக்குச் சீக்கிரம் போனால் பள்ளியில் மீதி.

"யார் வெள்ளிக்கிழமை கஹ்ஃபு ஓதுகிறாரோ அவருக்கு இரண்டு வெள்ளிகளுக்கு இடைப்பட்ட காலம் ஒளி வீசும்" என்ற அபூ ஸயீத் அல்குத்ரி (ரலி) அறிவிப்பு ஹாகிமிலும் பைஹகியிலும் இருக்கிறது. இது நபியவர்களின் சொல்லா, அபூ ஸயீத் (ரலி) அவர்களின் சொல்லா என்பதில் ஹதீஸ் கலை வல்லுநர்களிடையே பேச்சு உண்டு. இமாம் ஷாஃபிஈ வெள்ளி இரவிலும் பகலிலும் இதை ஓதுவதை விரும்பியிருக்கிறார். நான்கு மத்ஹபிலும் ஓதிவரும் வழக்கம். தஜ்ஜாலின் குழப்பத்திலிருந்து காக்கும் என்று முஸ்லிமில் வருவது, இந்த அத்தியாயத்தின் முதல் பத்து வசனங்களை மனனம் செய்வது பற்றியது. அதற்குக் கிழமை கிடையாது. பலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லிவிடுகிறார்கள்.

பொருளையும் படியுங்கள் என்பது என் வேண்டுகோள். குகையில் உறங்கிய இளைஞர்கள், தோட்டத்தால் கர்வம் கொண்ட மனிதன், மூஸா நபியும் ஹிள்ரும், துல்கர்னைன் என்று நான்கு கதைகள். அரபி புரியாமல் நாற்பது வருடம் ஓதிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு தமிழாக்கத்தில் படித்து, "இந்தத் தோட்டக்காரன் நானேதான்" என்று சொன்ன ஒரு வியாபாரியை எனக்குத் தெரியும்.

வெள்ளி சுப்ஹில் இமாம் திடீரென்று ஸஜ்தாவுக்குப் போய்விடுகிறாரே?

முதல் ரக்அத்தில் ஸஜ்தா அத்தியாயமும் இரண்டாவதில் இன்ஸான் அத்தியாயமும் வெள்ளி சுப்ஹில் நபியவர்கள் ஓதியவை, புகாரியில் இருக்கிறது. ஸஜ்தா அத்தியாயத்தின் 15ஆம் வசனத்தில் ஓதலுக்கான ஸஜ்தா (நெற்றியைத் தரையில் வைத்தல்) வரும். பின்வரிசையில் பாதிப் பேர் ருகூவுக்குக் குனிவதும், அருகில் உள்ளவரைப் பார்த்துத் தரையில் விழுவதும் ஷாஃபிஈ பள்ளிகளில் வாராந்திரக் காட்சி. இமாம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஜும்ஆத் தொழுகையில் ஜும்ஆ, முனாஃபிகூன் அத்தியாயங்களோ, அஃலா, காஷியா அத்தியாயங்களோ ஓதியதாக முஸ்லிமில் வருகிறது.

வியாழன் இரவு யாசீன் ஓதுவதற்கு ஆதாரம் உண்டா?

கஹ்ஃபுக்கு இருக்கும் அளவு இல்லை. வெள்ளி இரவில் யாசீன் ஓதுவது பற்றியும், "யாசீன் குர்ஆனின் இதயம்" என்பது பற்றியும் வரும் அறிவிப்புகள் பலவீனமானவை. வெள்ளி இரவில் துகான் ஓதுவது பற்றித் திர்மிதியில் வருவதும் அப்படியே. ஆனால் வழக்கத்தின் பலம் பெரிது. காயல்பட்டினம், கீழக்கரை தொடங்கி கொழும்பு, பினாங்குவரை வெள்ளி இரவு என்றாலே யாசீன்தான். இறந்துபோன தாய் தந்தைக்கு அந்த 83 வசனங்களை ஓதி ஹதியா செய்வது (அதன் நன்மையைச் சேர்ப்பிப்பது) பலருக்கு வாரத்தின் மிக நெருக்கமான அரைமணி நேரம்.

ஓதல் நற்செயல் என்பதில் சந்தேகமில்லை. இறந்தவருக்கு அதன் நன்மை சேருமா என்பதில் முன்னோரிடமே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி, ஹன்பலி அறிஞர்கள் சேரும் என்றார்கள், ஷாஃபிஈ மத்ஹபின் பழைய பிரபலக் கருத்து சேராது என்பது. பின்வந்த ஷாஃபிஈக்கள் பலர் ஓதிய பின் துஆ செய்தால் சேரும் என்றார்கள். என் கருத்து: யாசீன் ஓதுங்கள், ஆனால் அது இந்த இரவுக்கென்று நபியவர்கள் விதித்த அமல் என்று சொல்லாதீர்கள். யாசீனுக்காகக் கஹ்ஃபை விட்டுவிடுவதுதான் எனக்குப் புரியாத கணக்கு.

வெள்ளியில் துஆ ஏற்கப்படும் அந்த நேரம் எது?

அப்படி ஒரு சிறு நேரம் உண்டு என்பது புகாரி, முஸ்லிமில் உறுதி. எது என்பதில் நாற்பதுக்கும் மேற்பட்ட கருத்துகளை இமாம் இப்னு ஹஜர் தொகுத்திருக்கிறார். வலுவானவை இரண்டு. இமாம் மிம்பரில் அமர்ந்ததிலிருந்து தொழுகை முடியும்வரை என்பது முஸ்லிமில் வருவது. அஸருக்குப் பின் கடைசி நேரம் என்பது அபூதாவூதில் வருவது. இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மக்ரிபுக்கு முந்திய கால்மணி நேரம் கடைத்தெருவில் மிகப் பரபரப்பான நேரம் என்பது தெரிந்ததுதான்.

ஸலவாத்து (நபியவர்களுக்கான வாழ்த்து துஆ) எத்தனை முறை? வாரநாள் கணக்கில் ஓதும் நூல்கள் இருக்கின்றனவே?

"உங்கள் நாள்களில் சிறந்தது வெள்ளி, அன்று என் மீது அதிகம் ஸலவாத்துச் சொல்லுங்கள்" என்று அபூதாவூதில் வருகிறது. எண்ணிக்கை குறிப்பிடப்படவில்லை. நூறு, ஆயிரம் என்பதெல்லாம் அவரவர் தமக்கு வைத்துக்கொண்ட அளவு. தொழுகையில் ஓதும் இப்ராஹீமிய்யா ஸலவாத்தைவிடச் சிறந்ததைத் தேடி அலைய வேண்டாம்.

வாரநாள் கணக்கில் ஓதுவதற்கென்று அமைந்த நூல்களில் புகழ்பெற்றது தலாயிலுல் கைராத். மொராக்கோவின் இமாம் ஜஸூலி தொகுத்தது. அவர் 1465இல் மறைந்தார். திங்களில் தொடங்கி, அடுத்த திங்களில் முடிந்து, மறுபடி தொடங்கும்படி எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. மர்ரகேஷ் நகரத்தின் ஏழு இறைநேசர்களை வாரத்தின் ஏழு நாளும் நாளுக்கொருவராக ஸியாரத் செய்யும் (அடக்கத்தலம் சென்று வரும்) மரபில் வெள்ளி ஜஸூலிக்கு உரியது என்பது பொருத்தமான தற்செயல். நம்மூர் அரபு மதரஸாக்களிலும் இந்த நூல் நெடுங்காலமாகப் புழங்குகிறது. அதன் சில சொற்றொடர்கள் எல்லை மீறியவை என்று தவ்ஹீத் தரப்பினர் ஆட்சேபிக்கிறார்கள். சுன்னத் ஜமாஅத் ஆலிம்கள் விளக்கம் தருகிறார்கள். இதை ஓதாதவர் எந்தக் கடமையையும் விட்டவர் அல்லர்.

குர்ஆனையே ஏழு நாளில் பிரித்து ஓதும் முறை உண்டா?

கிழமை ஓதல்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். தினமும் முழுக் குர்ஆனையும் முடிக்க ஆசைப்பட்ட இளைஞர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், மாதத்துக்கு ஒருமுறை ஓது என்று தொடங்கி, அவர் கூடுதலாகக் கேட்கக் கேட்க, ஏழு நாளில் ஓது, அதைவிடக் கூட்டாதே என்றார்கள் நபியவர்கள். தோழர்கள் எப்படிப் பிரித்தார்கள் என்பது அபூதாவூதில் இருக்கிறது: மூன்று அத்தியாயங்கள், ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று, கடைசி நாள் காஃப் அத்தியாயம் முதல் இறுதிவரை.

உங்கள் வீட்டில் இருக்கும் இந்தியப் பதிப்புக் குர்ஆனை எடுத்து, பக்கத்தின் அடியில் பாருங்கள். "மன்ஸில்" என்று எண்ணோடு அச்சிட்டிருக்கும். இத்தனை காலம் அது என்னவென்று கேட்காமலே புரட்டியிருப்போம். அந்த ஏழு மன்ஸில்கள் இவைதாம். தொடக்கங்களை நினைவில் வைக்க "ஃபமீ பிஷவ்க்" என்று ஒரு குறிப்புச் சொல்லை ஹாஃபிள்கள் (குர்ஆனை மனனம் செய்தவர்கள்) சொல்வார்கள். "என் வாய் ஏக்கத்தில்" என்பது பொருள். எழுத்துக்கு ஒன்றாக ஃபாத்திஹா, மாயிதா, யூனுஸ், பனீ இஸ்ராயீல், ஷுஅரா, வஸ்ஸாஃப்ஃபாத், காஃப். நாளுக்கு நான்கு ஜுஸ்உக்கு (குர்ஆனின் முப்பதில் ஒரு பங்கு ஒரு ஜுஸ்உ) சற்று மேல். ஹாஃபிளுக்கு எளிது, மற்றவர்களுக்கு இது மலை. ஒரு மன்ஸிலை ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால் ஏழு வாரத்தில் குர்ஆன் முடியும்.

ராத்திபு?

ஹத்தாத் ராத்திபு, யமனின் தரீம் நகரத்து இமாம் அப்துல்லாஹ் இப்னு அலவி அல்ஹத்தாத் (1634–1720) தொகுத்த திக்ருகள் (இறைநினைவு வாசகங்கள்). தினமும் இஷாவுக்குப் பின் ஓதுவதற்கு உரியது. வாரம் ஒருமுறை வெள்ளி இரவில் கூட்டாக ஓதுவது நம் வசதிக்காக ஏற்பட்டது. தமிழகத்திலும் இலங்கையிலும் ஓதப்படும் ஜலாலிய்யா ராத்திபு கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) தொகுத்தது. நம் மண்ணில் பிறந்தது என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

மாதவிடாய் நாளில் வெள்ளி வந்தால் கஹ்ஃபு ஓதலாமா?

பெரும்பான்மைக் கருத்தில் குர்ஆன் ஓதக்கூடாது. மாலிகி மத்ஹபில் ஓத அனுமதி உண்டு. ஓதுவதைக் காதால் கேட்கலாம். ஸலவாத்து, திக்ரு, துஆ எதற்கும் தடையே இல்லை.

அரபி வாசிக்கத் தெரியாது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட யாசீனைப் பார்த்து ஓதலாமா?

தற்காலிகமாக என்றால் புரிந்துகொள்ளலாம்; நிரந்தரமாக வேண்டாம். "கல்ப்" என்று தமிழில் எழுதினால் அது இதயமா நாயா என்று தெரியாது. அரபியில் தொண்டையடி "காஃப்" வந்தால் இதயம், சாதாரண "காஃப்" வந்தால் நாய். "ஸ" ஒன்றே பல அரபு எழுத்துகளுக்கு நிற்கிறது. நம் முன்னோர் இதற்கு நேரெதிரான வேலையைச் செய்தார்கள்: தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள், அர்வி என்று அதற்குப் பெயர். அதனால் எழுத்தறிவில்லாதவர் என்று நாம் நினைத்த பாட்டிகள் குர்ஆனையும் தலைப்பாத்திஹாவையும் தமிழ்ப் பாட்டையும் ஒரே எழுத்தில் வாசித்தார்கள். அரபு எழுத்துகளைக் கற்க மூன்று மாதம் போதும். ஐம்பது வயதில் குழந்தைகளோடு மக்தபில் உட்காரக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்கு ஓர் ஆலிமாவையோ ஹஜ்ரத்தையோ அழையுங்கள்.

சர்க்கரை நோயாளி, திங்கள் வியாழன் வைக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். ரமளானிலேயே நோயாளிக்கு விலக்கு இருக்கும்போது, சுன்னத்துக்காக உடலை வருத்திக்கொள்ளத் தேவையில்லை. அனுமதி கிடைத்தவர்களும் சஹரைத் தவறவிட வேண்டாம். ரமளானைப் போல் தெருவே விழித்திருக்காது, பள்ளியில் கஞ்சியும் கிடையாது. முந்திய இரவே ஒரு சோற்றுருண்டையோ நான்கு பேரீச்சம்பழமோ தண்ணீரோ தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பதுதான் திங்கள் நோன்புக்காரர்களின் வழி.

"செவ்வாய் இரவு பன்னிரண்டு ரக்அத் தொழுதால் இவ்வளவு நன்மை" என்று வரும் செய்திகள்?

இவற்றில் பல பழைய நூல்களிலிருந்தே வருகின்றன என்பதுதான் சிக்கல். இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவில் வாரத்தின் ஒவ்வொரு பகலுக்கும் இரவுக்கும் தனித்தனித் தொழுகைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்நூலின் ஹதீஸ்களை ஆய்ந்த ஹாஃபிள் இராக்கி, இந்தக் கிழமைத் தொழுகைகளின் அறிவிப்புகள் ஆதாரமற்றவை என்று காட்டிவிட்டார். கஸ்ஸாலி பெரிய இமாம். ஹதீஸ் தரம் பிரிப்பது அவர் துறை அல்ல. ஆகவே செய்தியில் "இஹ்யாவில் இருக்கிறது" என்று போட்டிருந்தாலும், இருக்கிறதுதான். கூடவே இராக்கி என்ன எழுதினார் என்று உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள்.